116 கல்லூரிக்கும் ஒரே பாட எண்: கலிஃபோர்னியா இப்போதுதான் கண்டுபிடித்ததா?

18 ஆகஸ்ட் 2025, காலை

ஒரு வாசகர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் தரப்போகிறார்களாம். அதற்கு ஒரு சட்டம், பத்தரைக் கோடி டாலர், வருடக்கணக்கில் கூட்டம். நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தில் நானூற்றுச் சொச்சம் கல்லூரிக்கும் ஒரே சப்ஜெக்ட் கோட்தானே? அமெரிக்காக்காரனுக்கு இது கூடவா தெரியாது?"

பாதி சரி. மீதிப் பாதிதான் இந்த விஷயமே.

முதலில் நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் நிலைமை எப்படி என்று சொல்கிறேன். கால்குலஸ் முதல் பாடம், அதாவது லிமிட், டெரிவேட்டிவ், கொஞ்சம் இன்டகரல். சான்டா மோனிகா கல்லூரியில் அது மேத் 7. பக்கத்திலேயே இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் ஒன்பது கல்லூரிகளில் மேத் 261. வடக்கே டயப்லோ வேலியில் மேத் 192. டி ஆன்சாவில் மேத் 1ஏ. தெற்கே ஆரஞ்ச் கோஸ்ட்டில் ஏ180. எல்லாம் அரசுக் கல்லூரிகள், ஒரே மாநில அமைப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளை இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்காகவே கட்டப்பட்ட அமைப்பு. வேலை, வாடகை, பஸ் நேரம் என்று பார்த்து ஒரே பிள்ளை இரண்டு மூன்று கல்லூரிகளில் வகுப்பு எடுப்பது இங்கே சகஜம்.

18 ஆகஸ்ட், இரவு

எனக்கு ஏன் இதில் அக்கறை என்று இன்னொருவர் கேட்டார். என் அக்கா மகள்தான் காரணம். ஒரு கல்லூரியில் சேர்ந்தாள் (பெயர் வேண்டாம்), கோடையில் வேறொன்றில் வகுப்பு எடுத்தாள். முதல் கல்லூரி வருடத்தை மூன்று குவார்ட்டராகப் பிரிக்கும். இரண்டாவது செமஸ்டர் முறை. யூனிட் என்றால் இங்கே கிரெடிட். குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டால் பெருக்கினால் செமஸ்டர் யூனிட். ஐந்து யூனிட் பாடம் 3.33 ஆகிவிடும். நான்கு யூனிட் கேட்கிற இடத்தில் 3.33 வைத்துக்கொண்டு நின்றாள். எந்தப் பாடம் எடுப்பது என்று வழி சொல்லும் கல்லூரிக் கவுன்சிலர் ஒருவர் "பரவாயில்லை" என்றார், இன்னொருவர் "திரும்ப எடு" என்றார். இரண்டு பேருக்கும் ஆதாரம் ஒரே திரைதான், இரண்டு விதமாகப் படித்தார்கள்.

எண் ஒன்றாக இருந்திருந்தால் அவள் பிரச்சினை தீர்ந்திருக்குமா? குவார்ட்டர் சிக்கல் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் முதல் நாளே கேள்வி எழுந்திருக்கும். பாட எண் வேறு, தலைப்பு வேறு, யூனிட் வேறு என்று எல்லாமே வேறாக இருக்கும்போது எது உண்மையான வித்தியாசம் என்று யாருக்கும் தெரிவதில்லை.

19 ஆகஸ்ட்

இந்த மாதம் தொடங்கும் பருவத்தில் ஆறு பாடங்கள் மட்டும் மாறுகின்றன. இங்கிலீஷ் சி1000, சி1001. பேச்சுக்கலைக்கு காம் சி1000. அமெரிக்க அரசியலுக்கு பால்ஸ் சி1000. உளவியலுக்கு சைக் சி1000. புள்ளியியலுக்கு ஸ்டாட் சி1000. 'சி' என்றால் பொது என்று பொருள். ஹானர்ஸ் வகுப்பானால் பின்னால் ஒரு 'ஹெச்' சேரும். மற்ற பாடங்கள் தொகுதி தொகுதியாக வரும்.

சட்டத்தின் பெயர் ஏபி 1111. மார்க் பெர்மன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜூலை 1-க்குள் முடிக்கச் சொன்னது, இப்போது 2027 ஜூலை 1 என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.

"ஆறு பாடத்துக்கு நாலு வருடமா!" என்று சிரிக்கிறீர்கள். இன்னும் சிரிக்க விஷயம் இருக்கிறது. இதே மாநிலத்தில் 1995-இலேயே பொது எண் வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. 2004-இல் மறுபடி ஒன்று. எண்பதுகளிலிருந்தே 'கேன்' என்று ஒரு பொது எண் முறை ஓடி, தேய்ந்து, நின்றுபோனது. அதற்குப் பிறகு 2007 வாக்கில் 'சி-ஐடி' வந்தது. அதாவது உங்கள் கல்லூரியின் எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இன்னொரு பொது எண்ணையும் போடுங்கள் என்றார்கள். பேராசிரியர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் கேட்டலாகில் பாட விவரத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடந்தது. பதிவு செய்யும் பிள்ளை மேல் வரியைத்தான் பார்க்கும். புதுச் சட்டம் வித்தியாசப்படுவது இங்கேதான்: பொது எண் மாணவர் கண்ணில் படும் எண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

20 ஆகஸ்ட்

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

அண்ணா பல்கலைக்கழகப் பாட எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு: எம்.ஏ. 3354 என்றால் முதல் இரண்டு எழுத்து துறை, இங்கே கணிதம். முதல் இலக்கம் 3 என்பது ரெகுலேஷன் 2021, அதாவது 2021-இன் பாடத்திட்டம். அடுத்த 3, மூன்றாம் செமஸ்டர். கடைசி இரண்டும் வரிசை. டிஸ்க்ரீட் மேத்தமடிக்ஸ் பாடம் அது.

இதே டிஸ்க்ரீட் மேத்ஸ் 2017 ரெகுலேஷனில் எம்.ஏ. 8351. 2013-இல் எம்.ஏ. 6566, ஏனென்றால் அப்போது ஐந்தாம் செமஸ்டரில் இருந்தது. என் காலத்து 2008 ரெகுலேஷனில் எம்.ஏ. 2265. அதில் இரண்டாவது இலக்கம் செமஸ்டரே கிடையாது, வருடத்தைக் குறிப்பது! வருடம் 2 என்று எண் சொல்லும், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் நாங்கள் படித்ததோ மூன்றாம் வருடத்தில். இலக்கத்தின் அர்த்தமே ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் மாறியிருக்கிறது. ப்ரபொசிஷன், கிராஃப், க்ரூப் தியரி, லாட்டிஸ் என்று யூனிட்டுகள் (இங்கே சிலபஸின் பகுதிகள்) மட்டும் பெரிதாக மாறாமல் இருக்கின்றன.

அரியர் வைத்தவர்களுக்குத் தெரியும் இது என்ன அவஸ்தை என்று. ஜூனியர் பையனிடம் நோட்ஸ் கேட்டால் அவன் கோடே வேறு. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் தலைப்பைச் சொன்னால் போதும், நான்கு எண்ணையும் ஒப்பிப்பார்.

20 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

"இருந்தாலும் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கோட்தானே" என்று விடாமல் நிற்கும் வாசகருக்கு ஒன்று காட்டுகிறேன். 2007-இல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனியாக ஆக்கினார்கள், 2010-இல் மதுரையும். பிறகு ஆட்சி மாறியது, எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். அதற்கப்புறம் வந்த ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கணிதப் பாட வினாத்தாளின் தலையில் இருந்த வரியைப் பாருங்கள்:

எம்.ஏ. 2211 / எம்.ஏ. 31 / 10177 எம்.ஏ. 301 / 080100008

இதற்கு மேலும் ஓரிரண்டு சேர்ந்து வந்த தாள்கள் உண்டு. பிரிந்திருந்த பல்கலைக்கழகங்களும் பழைய ரெகுலேஷன்களும் விட்டுப்போன எண்கள் எல்லாம் சாய்கோடு போட்டு வரிசையாக நிற்கும். கீழே கேள்வி ஒன்றுதான்: ஃபூரியர் சீரிஸ் கண்டுபிடி. ஹாலில் பாதிப்பேர் முதல் இரண்டு நிமிடம் தன் கோட் அந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுவார்கள்.

நான்கைந்து வருடம் பிரிந்திருந்ததற்கே இந்தச் சாய்கோடு. இங்கே 116 கல்லூரிகள், சில நூறு வருடப் பழக்கத்தோடு.

20 ஆகஸ்ட், பின்குறிப்பு

நூறாண்டுப் பழக்கம் என்று படிக்கவும். சில நூறு வருடம் என்றால் கலிஃபோர்னியா மாநிலமே கிடையாது. யாரும் கமென்ட் போடுவதற்கு முன்னால் நானே போட்டுவிட்டேன்.

22 ஆகஸ்ட்

இரண்டு நாளாக யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் எண் இடத்துக்கு இடம் மாறாது, காலத்துக்குக் காலம் மாறும். நாகர்கோவிலில் படித்தாலும் வேலூரில் படித்தாலும் 3354. ஆனால் அண்ணன் படித்தது தம்பிக்கு ஒத்துவராது. கலிஃபோர்னியாவில் நேர்மாறு. ஒரு கல்லூரியில் மேத் 1ஏ என்றால் அம்மா படித்தபோதும் மேத் 1ஏ, மகள் படிக்கும்போதும் மேத் 1ஏ. பக்கத்து ஊருக்குப் போனால் செல்லாது.

காரணம் எளிது. அண்ணாவில் சிலபஸ் யாருடையது? பல்கலைக்கழகத்துடையது. மொத்தமாக ஒரே நாளில் மாற்றும், எண்ணையும் மாற்றும், எது புதுசு எது பழசு என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் குழப்பம் வரக் கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. கலிஃபோர்னியாவில் சிலபஸ் அந்தந்தக் கல்லூரி ஆசிரியர்களுடையது. அவர்கள் அத்தியாயத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், புத்தகத்தை மாற்றுவார்கள், எண்ணைத் தொட மாட்டார்கள். யாருக்கு எண் வேலை செய்கிறதோ அவருக்கு வசதியாக அது இருக்கிறது. இரண்டு ஊரிலும் மாணவருக்காக யாரும் எண் போடவில்லை.

நான் டேட்டாபேஸ் வேலை செய்கிறவன். அர்த்தம் ஏற்றிய எண்ணை அடையாளமாக வைக்காதே என்பது எங்கள் தொழிலில் அடிப்படைப் பாடம். செமஸ்டரை எண்ணுக்குள் திணித்தால், பாடத்தை ஐந்திலிருந்து மூன்றுக்கு நகர்த்திய அன்றே அடையாளம் செத்துவிடும். 6566 செத்து 8351 பிறந்தது அப்படித்தான்.

24 ஆகஸ்ட்

ஃபுளோரிடாவில் இருக்கும் ஒரு நண்பர் "எங்கள் ஊரில் இதை எழுபதுகளிலேயே முடித்துவிட்டார்கள்" என்று பெருமை அடித்திருக்கிறார். அடிக்கலாம், தகும். அங்கே கால்குலஸ் ஒன்று என்றால் எம்.ஏ.சி. 2311, முதல் வருட ஆங்கிலக் கட்டுரை என்றால் ஈ.என்.சி. 1101. 28 மாநிலக் கல்லூரிகளுக்கும் 12 பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரே முறை. எழுத்தும் கடைசி மூன்று இலக்கமும் ஒத்துப்போனால், போய்ச் சேரும் இடம் அந்தக் கிரெடிட்டை ஏற்றே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் இலக்கம். அது எந்த வருடத்துப் பாடம் என்பதைச் சொல்வது, அதைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 1 என்று போடலாம், இன்னொருவர் 2 என்று போடலாம். ஆனால் கிரெடிட் மாற்றும்போது அந்த இலக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எதற்காகச் சண்டை வருமோ அதைச் சண்டைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு, கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது.

டெக்சஸ் வேறு வழி போனது. அங்கே இரண்டாவது இலக்கம் கிரெடிட் மணி. இங்கிலீஷ் 1301 என்றால் முதல் வருடம், மூன்று கிரெடிட். மேத் 2413 என்றால் இரண்டாம் வருட நிலை, நான்கு கிரெடிட், கால்குலஸ். படிக்க அழகு. ஆனால் ஆஸ்டினில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் இதைத் தன் எண்ணாக வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கால்குலஸ் எம் 408சி. அங்கே முதல் இலக்கம்தான் கிரெடிட். கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்து இளநிலையா முதுநிலையா என்று புரிந்துகொள்ள வேண்டும். சட்டியில் இருப்பதை அகப்பையில் எடுத்தாலும் பெரிய வீட்டு அகப்பை தனி.

27 ஆகஸ்ட்

ஒரு பேராசிரியர் தனிமடலில் கோபமாக எழுதியிருக்கிறார். பொது எண் என்றால் பொதுச் சிலபஸ், பொதுச் சிலபஸ் என்றால் ஆசிரியர் கூலியாள் ஆகிறார் என்கிறார். 2023-இல் தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் என்று வந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகள் ஏன் எதிர்த்தன என்று கேட்கிறார்.

நியாயமான கோபம். அதனால் கலிஃபோர்னியாவில் எதைப் பொது ஆக்கினார்கள் என்று பாட ஆவணத்தின் மாதிரிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். எண், தலைப்பு, விவரத்தின் முதல் பகுதி, குறைந்தபட்ச யூனிட், முன்தேவை (முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம்), உள்ளடக்கம், நோக்கங்கள், மதிப்பிடும் முறை. இவை எல்லாக் கல்லூரியிலும் ஒன்று. விவரத்துக்கு இரண்டாம் பகுதி உண்டு, அதில் கல்லூரி தன் பங்குக்குச் சேர்க்கலாம். யூனிட்டும் 'குறைந்தபட்சம்' தான், ஒருவர் மூன்று, ஒருவர் நான்கு. பொதுத் தேர்வு கிடையாது. வினாத்தாள் வகுப்பெடுப்பவருடையது.

இதுதான் பெரிய வித்தியாசம். அண்ணா பல்கலைக்கழக எண்ணுக்குப் பின்னால் ஒரே வினாத்தாளும், ஊர் மாற்றித் திருத்தும் முகாமும் இருக்கின்றன. எண் ஒன்று என்பதை அந்தத் தாள்தான் நிரூபிக்கிறது. எந்த அத்தியாயம் எத்தனை மதிப்பெண் என்று தெரிந்துவிட்ட பிறகு வகுப்பறையில் வேறு எதுவும் நடக்காது. பார்ட் ஏ, பார்ட் பி, ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி. நான் லாட்டிஸைச் சாய்ஸில் விட்டவன். இன்றுவரை லாட்டிஸ் தெரியாது, ஆனால் 2265 பாஸ்.

கலிஃபோர்னியா எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு நிரூபணம் இல்லை. ஒரு வாக்குறுதி மட்டும்தான் இருக்கிறது.

27 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். வாக்குறுதி 'மட்டும்' என்று குறைத்துச் சொன்னது கொஞ்சம் அதிகம். ஒரே கல்லூரியில், ஒரே எண்ணில், காலை எட்டு மணி வகுப்பும் மாலை ஆறு மணி வகுப்பும் ஒரே மாதிரியா நடக்கின்றன? அந்த வித்தியாசத்தை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம். எட்டு மணி ஆசிரியரின் 'ஏ'யும் ஆறு மணி ஆசிரியரின் 'ஏ'யும் ஒன்று என்று யாரும் கேள்வி கேட்காமல் டிரான்ஸ்கிரிப்டில் ஏறுகின்றன. பக்கத்து ஊர்க் கல்லூரி என்றதும் மட்டும் சந்தேகம் வருகிறது. அப்படியானால் அந்தச் சந்தேகம் தரத்தைப் பற்றியதா, பக்கத்து ஊரைப் பற்றியதா?

31 ஆகஸ்ட்

பத்தரைக் கோடி டாலர் எங்கே போகும் என்று மறுபடி கேட்கிறார்கள். கல்லூரி மென்பொருளை உள்ளே இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு எண்ணை மாற்றினால் எங்கெல்லாம் கை வைக்க வேண்டும்: கேட்டலாக், கால அட்டவணை, அந்தப் பாடத்தை முன்தேவையாகக் கேட்கும் மற்ற எல்லாப் பாடங்கள், ஒவ்வொரு பட்டத்தின் தேவைப் பட்டியல், பட்டம் முடிந்ததா என்று சரிபார்க்கும் நிரல், மற்ற பல்கலைக்கழகங்களுடன் போட்ட ஒப்பந்தங்கள். கல்லூரிக்குக் கல்லூரி மென்பொருளும் வேறு: ஒருவர் பேனர், ஒருவர் கொலீக், ஒருவர் பீப்பிள்சாஃப்ட்.

இதில் ஒரு ஊசி முனை இருக்கிறது. போன வருடம் சைக் 1 எடுத்து ஃபெயிலான பையன் இந்த வருடம் சைக் சி1000-க்குப் பதிவு செய்கிறான். இது புதுப் பாடமா, திரும்ப எடுப்பதா? திரும்ப எடுப்பதென்று கணினிக்குத் தெரியாவிட்டால் பழைய 'எஃப்' சராசரியில் அப்படியே நிற்கும். பாஸானவன் மறுபடி எடுத்தால் இரண்டு முறை கிரெடிட் ஏறும், உதவித்தொகைக் கணக்கும் உதைக்கும். ஆக ஒவ்வொரு கல்லூரியிலும் 'பழைய எண் = புதிய எண்' என்று ஒரு அட்டவணை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நம்ம வினாத்தாள் தலையில் இருந்த சாய்கோடு வரிசை, இங்கே திரைக்குப் பின்னால்.

3 செப்டம்பர்

தன்னாட்சிக் கல்லூரிகளை விட்டுவிட்டீர்களே என்று ஒரு தம்பி. சரியான பிடி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழேயே, பட்டச் சான்றிதழில் அதே முத்திரையோடு, தன்னாட்சிக் கல்லூரி தன் சொந்தக் கோட் போட்டுக்கொள்கிறது. பல கல்லூரிகளில் முன்னால் வருடம், பிறகு துறை, பிறகு எண். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சிலபஸ், ஒரு யூனிட் முன்பின்னாக. நல்ல கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சிக்குப் போகப் போக, வாசகர் பெருமைப்பட்ட 'ஒரே கோட்' சுருங்கிக்கொண்டே வருகிறது. கலிஃபோர்னியா சேர்ந்துகொண்டிருக்கிறது, நாம் பிரிந்துகொண்டிருக்கிறோம்.

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் கட்டமைப்பில் பாட எண்ணுக்கு நிலைகள் சொல்லியிருக்கிறார்கள்: 100 முதல் 199 வரை அடிப்படை, 200 வரிசை இடைநிலை, 300 உயர்நிலை, 400 மேம்பட்டது என்று. அது எண்ணின் கனத்தைச் சொல்லும், எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று சொல்லாது. மாணவர் சேர்த்த கிரெடிட்டைப் பதிந்துவைக்கும் கிரெடிட் வங்கி என்று கணக்கு மட்டும் திறந்துவிட்டோம். ஒரு கல்லூரியின் 204-ஐ இன்னொரு கல்லூரி என்னவாக ஏற்கும் என்பதை யார் உட்கார்ந்து எழுதுவது? அது பேராசிரியர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, டேட்டாபேஸ்காரனால் ஆகாது. கலிஃபோர்னியாவின் நாலு வருடம் போனதும் அங்கேதான்.

9 செப்டம்பர்

சான் ஹோசேவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகன் புள்ளியியலை வேறொரு கம்யூனிட்டி கல்லூரியில் ஆன்லைனில் எடுக்கலாமா, சொந்தக் கல்லூரியில் இடம் இல்லை.

எடுக்கலாம் அம்மா. எண் ஸ்டாட் சி1000 தானா என்று பாருங்கள். யூனிட் எத்தனை என்று பாருங்கள், அவன் போக நினைக்கும் துறை நான்கு கேட்டால் மூன்று போதாமல் போகலாம். அந்தக் கல்லூரி குவார்ட்டரா செமஸ்டரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பே பழைய எண்ணில் புள்ளியியல் எடுத்திருந்தால் அதைக் கவுன்சிலரிடம் அவனே சொல்ல வேண்டும், கணினி சொல்லும் என்று இருக்க வேண்டாம். பிறகு அசிஸ்ட் தளத்தில் (எந்தக் கல்லூரிப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று காட்டும் இணையதளம்) அந்தக் கல்லூரியையும் அவன் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தையும் போட்டு, வரும் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி தெரியும்படி.